மலையாளத்து மேகம்

அறிவு சான்ற பெருமக்களே, மலைக்கு அப்பால் மாரி கொட்ட, இப்பால் வெறுங்காற்றே வீசுமாயின் அந்நிலத்தைப் பாலை என்னாது வேறென்னென்பது? இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் நடுவே, சேரநாட்டு எல்லைமலையின் அடியில் கிடக்கும் அச்சிறுநகரில், ஆனித் திங்களின் பிற்பகலில், தெருவெல்லாம் புழுதி பறக்க, குழாயடியில் வெறுங்குடங்கள் காத்துக் கிடக்க, ஆறென்று பெயர் தாங்கியது வெண்மணலாய் வெந்து கிடந்தது. மேற்கே கருத்தால் மலையாளத்துக்கு மழை, நமக்குக் காற்று என்பது அவ்வூரார் பட்டுப் பட்டுத் தெளிந்த பாடம்.

படையில் பணியாற்றி, முழங்காலில் காயமுற்று மீண்ட தேவஇரக்கத்திற்கு எஞ்சியிருந்தது ஆற்றங்கரைத் தென்னந்தோப்பு ஒன்றே. ஆழ்துளைக் கிணறு கைவிரித்துவிட்டது. குருத்துகள் சாயத் தொடங்கின. குருத்துச் சாய்ந்த தென்னைக்கு மருந்துண்டோ? எனவே ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டியேனும் மரங்களைப் பிழைப்பிக்கத் துணிந்தான். குழியில் இறங்க அவன் கால் இடங்கொடாமையால், மனைவி அன்னாள் உள்ளே நின்று மணலை வாரிக் கூடையில் நிரப்ப, அவன் மேலிருந்து கயிற்றால் இழுத்துக் கொட்டினான். ஆளுயர ஆழத்தில் நீர் கசிந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஏங்க, மேக்க கருகும்முன்னு கெடக்கு. ஏறிருவமா?” என்றாள் அன்னாள், அண்ணாந்து பார்த்து.

“ஏட்டி, அது மலையாளத்து மேகம். எம்புட்டு வருசமா அதப் பாத்து ஏமாந்தாச்சு! இப்ப விட்டா மணலு சரிஞ்சு ஊத்து மூடிரும். செத்த நேரம் வாரிக்கிட்டு இரு, மோட்டார எடுத்துட்டு வாரேன்.”

“வெரசா வாங்க” என்று அவள் மீண்டும் குனிந்தாள்.

அவன் நொண்டியவாறே கரையேறித் தோப்பை அடைந்தபோது, மலைப்பக்கம் ஏதோ உறுமக் கேட்டது. ஐயகோ! அவன் விழுந்தெழுந்து திரும்பி ஓடிவருமுன், வேரொடு பிடுங்கிய மரங்களைச் சுமந்துகொண்டு, செந்நீர்க் காட்டாறு இருகரையும் தழுவிப் போய்க்கொண்டிருந்தது. குழி இருந்த இடமே தெரியவில்லை.

“அன்னா! ஏட்டி அன்னா!” என்று அவன் கதறினான். யார் காதில் விழும்? புதுவெள்ளங்கண்ட ஊரார் குழந்தைகுட்டிகளோடு கரைக்குத் திரண்டுவிட்டனர். பெண்டிர் மஞ்சளும் மலரும் நீரில் தூவிக் குலவையிட்டனர். அடுத்த தோப்புச் சண்முகத்தாய் அவன் கைகளைப் பற்றிக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்தாள்.

“அண்ணாச்சி, ஒங்க தோப்பு பொழச்சுட்டு! எங்க மதினி? கூப்பிடுங்க, அவியளும் பாக்கட்டும்!”

அவன் ஆற்றைக் காட்டினான்.

வறட்சி மரத்தை மட்டுமா கொல்லும்? மழை வரும் என்னும் நினைப்பை முதலில் கொன்றுவிடுகிறது. அந்நினைப்பு இல்லாதவர் ஆற்று நடுவில் அஞ்சாது நிற்பர். மறுநாள், நெடுந்தொலைவில், முட்புதர் ஒன்றில் அன்னாள் கிடைத்தாள். அவளைத் தோப்பில் அடக்கம் செய்யக் குழி வெட்டினார்கள். வெட்ட வெட்ட நீர் ஊறிக்கொண்டே இருந்தது.