கயித்தில ஒரு இழுப்பு

பனிக்கட்டிக்குக் கீழ ஒரு மனுசன்ர மூச்சு எப்பிடி ஓடும் எண்டு நீங்கள் பாத்திருக்கிறியளோ?

உடைஞ்ச தெர்மாமீற்றரின்ர பாதரசம் மாதிரி. உருண்டு, பிரிஞ்சு, திரும்ப ஒட்டி, வெளியில வர வழி தேடும். வழி கிடையாது.

நோர்வேயின்ர வடக்கு. மாசி மாசம். சூரியன் மத்தியானத்தில மலைக்கு மேல நெத்தியை மட்டும் காட்டிப்போட்டு இறங்கியிடும்.

இந்த ஊரில தமிழ் கதைக்கிறது நானும் அமலனும்தான். ரெண்டு பேருக்கும் மீன் பக்டரியில வேலை. ஞாயிறு எண்டால் அவன் தண்ணிக்கடியில இறங்கிற சுழியோடிகள் கிளப்புக்குப் போவான். எனக்கு நீந்தவே தெரியாது. அறையில தனிய இருக்கேலாமல் நானும் போவன்.

கோடையில அவையள் கடலுக்கு. மாரியில குளத்துக்கு. உறைஞ்ச குளத்தை வாளால அறுத்து, முக்கோணமா ஒரு ஓட்டை போடுவினம். இறங்கிறவன்ர நெஞ்சில கயிறு. மற்ற முனை மேல நிக்கிறவன்ர கையில.

அந்தக் கை என்ர கை.

கயிறு பிடிக்கிறவனுக்குக் கோப்பி இல்லை. அரட்டை இல்லை. கிளப்பின்ர தலைவி ஹில்டா வைச்ச சட்டம். மேல இருந்து ஒருக்கா இழுத்தால், சுகமோ? கீழ இருந்து ஒருக்கா இழுத்தால், சுகம். விடாமல் இழுத்தால், என்னைத் தூக்கு.

இன்னொரு சட்டமும் இருந்தது. காத்துக் குழாயை வாயில வைச்சுக்கொண்டு மேல நிண்டு மூச்சு விடப்படாது. முகம் தண்ணிக்குள்ள போனாப்பிறகுதான். தண்ணியை விட மேல குளிர் கூட. மூச்சின்ர ஈரம் வால்வில உறைஞ்சிடும். உறைஞ்ச வால்வு மூடாது. முதுகில கட்டின சிலிண்டர்க் காத்தெல்லாம் கொட்டுண்டு போயிடும்.

அமலனுக்கு இது தெரியும். எனக்கே தெரியும்.

அண்டைக்கு ஓட்டைக் கரையில காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்ர முகத்தைப் பாத்தான்.

"என்னடா, செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கிறாய்? கயித்தை விட்டிடாதை மச்சான். உன்ர கலியாணத்துக்கு நான்தான் தோழன்."

"முதல் பொம்பிளையைக் காட்டு."

"கீழ பாத்துக்கொண்டு வாறன். வால் இருந்தாப் பரவாயில்லையோ?"

சொல்லிப்போட்டு, குழாயை வாயில வைச்சு, கலியாண வீட்டு நாதஸ்வரம் மாதிரி ஊதிக் காட்டினான். அந்தக் குளிரில. மூச்சை இழுத்து இழுத்து.

நான் சிரிச்சன். கனநாளைக்குப் பிறகு சிரிச்சன். ஹில்டா முதுகைக் காட்டிக்கொண்டு பனி அள்ளிக்கொண்டு நிண்டா.

இறங்கினான்.

கயிறு போச்சு. மெல்ல. மெல்ல. நிண்டுது.

என்ர காலடியில குமிழ். முதல் ஒண்டு ரெண்டு. பிறகு கொத்துக் கொத்தா. பிறகு பால் பொங்கின மாதிரி, பனிக்குக் கீழ முழுக்க வெள்ளை.

ஒருக்கா இழுத்தன். சுகமோ?

கீழ இருந்து ஒருக்கா. சுகம்.

எங்கட ஆக்கள் அப்பிடித்தான். ஊருக்குப் போன் எடுத்தால் காய்ச்சலிலயும் சுகம். வேலை போனாலும் சுகம். பனியில வழுக்கிக் கை முறிஞ்சு கிடந்தாலும் சுகம், சுகம். வாய்க்குப் பழகினது கைக்கும் பழகிப்போச்சு. தானே சரிப்பண்ணிப்போடலாம் எண்டு நினைச்சிருப்பான்.

ஹில்டா திரும்பினா. குமிழைக் கண்டா. "இழு!" எண்டு கத்திக்கொண்டு ஓடிவந்து கயித்தைப் பிடிச்சா.

குமிழ் நிண்டுபோச்சு.

கயிறு பாரமா வந்தது. ஒண்டும் சொல்லாத பாரம்.

குழாய் அவன்ர வாயில இல்லை. ஹில்டா நெஞ்சை அமத்தினா. நான் கன்னத்தில தட்டித் தட்டிக் கூப்பிட்டன். அமலன். டேய் அமலன். எழும்படா. சுத்தி நிண்ட ஒருத்தருக்கும் அது விளங்கேல்லை.

ஹெலிகொப்டர் வந்தது. ஆஸ்பத்திரியில இதயம் திரும்ப அடிச்சது. மூச்சை மெசின் விட்டது.

அடுத்த நாள் காலமை அமலன் செத்துப்போனான். மன்னாரில இருக்கிற அவன்ர தமக்கைக்கு நான்தான் போன் எடுத்துச் சொன்னன்.

"கடலோ தம்பி?" எண்டு கேட்டா.

இல்லையக்கா, குளம் எண்டன்.