நானூற்று எண்பதில் நிறுத்தியது

மரிய புஷ்பம் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, சின்ன பெயிண்ட் பிரஷ்ஷால் விசிறியின் இதழ்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அரியலூரில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் உள்ளே தூசிதான். சுண்ணாம்புக்கல் லாரி போகும் ரோட்டோர வீடுகளிலிருந்து வருபவற்றில் மாவு போல வெள்ளையாக இருக்கும். சிமெண்ட் ஆலையிலிருந்து வருபவற்றில் சாம்பல் நிறத்தில் கட்டிபட்டிருக்கும். நகத்தால் சுரண்டினால்தான் வரும். இது ஆலையின் தூசி.

லேப்டாப்பைக் கொண்டுவந்த செல்லதுரை எதிரே உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். ஆலையின் கொள்முதல் பிரிவில் உதவி மேலாளர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருந்த அந்தச் சர்வீஸ் கடைக்கு அவர் நேரில் படியேறி வந்தது அதுதான் முதல் தடவை.

"தூசி கெடக்கட்டும் புஷ்பம். புதுசா ஒரு கார் ரேஸ் கேம் போட்டேன். வளைவுல திரும்பினா படம் நின்னு நின்னு வருது. கிராபிக்ஸ் கார்டோட வேகத்த ஏத்தலாமாமே? மெட்ராஸ்ல என் மச்சான் ஏத்தியிருக்கானாம்."

"ஏத்தலாம் சார். ஆனா இது ஆபீஸ் வேலைக்குன்னு செஞ்ச மிஷினு. வேகம் ஏறுனா சூடும் ஏறும். பெரிய கம்ப்யூட்டர்னா காத்து போக எடம் இருக்கும். இதுல எல்லாத்தையும் ரெண்டு விரக்கட கனத்துக்குள்ள அடைச்சு வச்சிருக்காங்க."

"பக்குவமா செய்வன்னுதான ஒன்ட்ட கொண்டாந்தேன்."

புஷ்பம் கடைக்காரரைப் பார்த்தாள். பஞ்சநாதன் கல்லா மேஜையிலிருந்து ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். ஆலையின் நாற்பது கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் ஒப்பந்தத்தை ஜூன் மாதம் புதுப்பிக்க வேண்டும். அந்தக் காகிதம் செல்லதுரையின் மேஜையைத் தாண்டித்தான் மேலே போகும்.

"செஞ்சு குடும்மா. சாருக்கு இல்லாததா?" என்றார்.

அவள் மூடியைப் பூட்டி, லேப்டாப்பின் அடியில் காற்றுப் போக இரண்டு மர ஸ்கேல்களைக் குறுக்கே வைத்தாள். திரைக்குப் படம் வரைந்து தருவது அந்தக் கார்டுதான். அது என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்று செய்தவர்களே ஓர் எண்ணை வைத்து அனுப்பியிருந்தார்கள்: நானூற்று ஐம்பது. புஷ்பம் அதைப் பத்துப் பத்தாக ஏற்றினாள். ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் கேமை ஓடவிட்டு, சூட்டைக் குறித்துக்கொண்டாள். நானூற்று எண்பதில் கார் வழுக்கிக்கொண்டு திரும்பியது. சூடு எண்பத்தெட்டு டிகிரி. நானூற்றுத் தொண்ணூறில் வானத்தில் பச்சைப் புள்ளிகள் மினுங்கின. உடனே நானூற்று எண்பதுக்கு இறக்கினாள்.

செல்லதுரை அவள் தோளுக்கு மேல் குனிந்து, திரையில் வேகத்தை ஏற்றி இறக்கும் கோட்டைக் காட்டினார். "எந்தக் கோட்ட இழுக்கணும்? இதயா?"

"நீங்க தொட வேணாம் சார். இதுக்கு மேல போனா மொதல்ல புள்ளி வரும், அப்புறம் சிப்பே போயிடும்."

அவர் சிரித்தார். சர்வீஸ் சீட்டில் செய்த வேலை என்ற இடத்துக்கு அவள் பேனா வந்தபோது, "அங்க வெவரமா ஒண்ணும் எழுதாத. ஆபீஸ் பொருள் பாரு. ஜெனரல் சர்வீஸ்னு போட்டுடு" என்றார்.

பேனா சற்று நின்றது. பஞ்சநாதன் தலையசைத்தார். அவள் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அரிசி களைந்துகொண்டே கணவனிடம் சொன்னாள். ஆண்ட்ரூஸ் தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஏப்ரல், மே இரண்டு மாதமும் அந்தப் பள்ளியில் சம்பளம் கிடையாது. வருஷா வருஷம் அந்த இரண்டு மாதமும் புஷ்பத்தின் சம்பளத்தில்தான் வீடு ஓடும்.

"அவரா கேட்டாரு, நீ செஞ்ச. இதுல என்ன பயம்?" என்றான்.

"கேட்டதுக்கு எழுத்து இல்லீங்களே. எழுத்துல இருக்கறது என் கையெழுத்து மட்டும்தான்."

மறுநாள் அக்கினி நட்சத்திரம் பிறந்தது. கடையின் தகரக் கூரை காலை பத்து மணிக்கே முறுக்கிக்கொண்டு சடசடத்தது. கடை போன் மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் புஷ்பம் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தாள். பிரிண்டருக்கு மை கேட்பார்கள், வைரஸ் என்பார்கள். கம்பியை மறுபடி எடுக்கும்போது கை வியர்த்திருக்கும். செல்லதுரை எங்கே வைத்து விளையாடுவார்? கட்டிலில்தான் வைப்பார். மெத்தை காற்றுத் துளையை அடைத்துக்கொள்ளும். இந்த வெயிலில் எண்பத்தெட்டு எவ்வளவாகும்?

ஐந்தாம் நாள் தாங்காமல் அவரைப் போனில் கூப்பிட்டாள்.

"சார், மெத்தை மேல வச்சு ஆடாதீங்க. அடியில காத்து போகணும்."

"சூப்பரா ஓடுதும்மா. இன்னும் கொஞ்சம் ஏத்துனா இன்னும் நல்லாருக்கும் போல."

"வேணாம் சார்! கொண்டாங்க, பழைய வேகத்துக்கே எறக்கித் தரேன்."

"மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

அவள் பஞ்சநாதனிடம் போய் நின்றாள். "அண்ணே, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அவரு தானே ஏத்திக்கிருவாரு போலருக்கு."

"பெரிய மனுசங்க வெளையாடுறதுல நாம தலையிட முடியுமா? ஒன் வேலயப் பாரு."

இருபத்தோராம் தேதி, திங்கட்கிழமை காலையில் ஆலையிலிருந்து போன் வந்தது. பஞ்சநாதன் நின்றுகொண்டே பேசினார். "சரிங்க சார். கூட்டிட்டு வரேங்க சார்" என்பது மட்டும் கேட்டது. புஷ்பம் சால்டரிங் கம்பியை அணைத்து வைத்தாள்.

பைக்கில் போகும்போது அவர் தலையைத் திருப்பாமல் பேசினார். சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரிகளின் முன்னால் செல்லதுரை லேப்டாப்பைத் திறந்து கணக்குக் காட்டியிருக்கிறார். பாதியில் திரை கோடு கோடாகி அணைந்துவிட்டது. யார் கைவைத்தது என்று மேலிடத்தில் கேட்கிறார்கள்.

"அவரு கேட்டாருன்னு மட்டும் சொல்லிடாத."

"அப்ப என்னண்ணே சொல்றது?"

"தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லு. தெரியாம பண்ணவங்கள யாரு என்ன பண்ணப் போறாங்க?"

"தெரியாம பண்ணேன்னு பேரு வந்தா, அரியலூர்ல இல்ல, பெரம்பலூர்லகூட ஒருத்தன் என் கையில ஸ்குரூ டிரைவர் குடுக்க மாட்டான்."

அவர் பைக்கின் வேகத்தைக் கூட்டினார்.

கம்ப்யூட்டர் பிரிவின் அறை குளிர்ந்திருந்தது. பொறுப்பாளர் அருள்முருகன், முப்பது வயதுக்காரர், மேஜையில் அந்த லேப்டாப்பை வைத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் செல்லதுரை. பஞ்சநாதனுக்கும் ஒரு நாற்காலி இருந்தது. புஷ்பம் நின்றாள்.

அருள்முருகன் பொத்தானை அழுத்தினார். திரையில் மேலிருந்து கீழாகச் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் விழுந்தன, பிறகு இருட்டு. "கிராபிக்ஸ் சிப் போயிடுச்சு. கடைசியா சர்வீஸ் பண்ணது நீங்கதானே? சீட்டுல ஜெனரல் சர்வீஸ்னு இருக்கு."

"நான் தூசி தட்டத்தான் குடுத்தேன்" என்றார் செல்லதுரை. "உள்ள என்ன பண்ணாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பஞ்சநாதன் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கார்டோட வேகத்த ஏத்துனது நான்தான்" என்றாள். "செல்லதுரை சார் கேம் ஆடணும்னு கேட்டாரு, ஏத்துனேன். நானூத்தி எம்பதுல நிறுத்துனேன். அதுக்கு மேல தொடாதீங்கன்னு சொன்னேன். ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்கும். கழட்டி ஒங்க கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாருங்க. எவ்வளவு வேகம், எப்ப வச்சதுன்னு அதுல பதிவாகியிருக்கும்."

"என்னம்மா கத சொல்ற?" என்று செல்லதுரை எழுந்தார்.

அருள்முருகன் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். புஷ்பம் எந்த இடத்தில் தேட வேண்டுமென்று சொன்னாள். கோப்பு திறந்தது. வேகம் என்ற இடத்தில் ஐந்நூற்று அறுபது என்றிருந்தது. தேதி, மே பதின்மூன்று.

"நான் குடுத்தது மூணாந் தேதி சார். சீட்டுல பாருங்க. பதிமூணு ஞாயித்துக்கெழம, எங்க கடை லீவு."

அருள்முருகன் அந்த எண்ணைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு செல்லதுரையைப் பார்த்தார். செல்லதுரை கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"கம்ப்யூட்டர் தேதிய நம்ப முடியாதுங்க" என்றார் அருள்முருகன் மெதுவாக. மவுஸை நகர்த்திக் கோப்பை மூடினார். "மொதல்ல ஏத்துனதே தப்புதானே? அத நீங்களே ஒத்துக்குறீங்க. வெளியாள் கவனக்குறைவுன்னுதான் நான் எழுத முடியும். நடந்தத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க."

அவள் நின்றபடியே மேஜை ஓரத்தில் குனிந்து எழுதினாள். யார் கேட்டது, யார் செய்யச் சொன்னது, எவ்வளவு ஏற்றியது, எந்தத் தேதி, கோப்பில் இருந்த எண் என்ன, எல்லாவற்றையும் எழுதினாள். அருள்முருகன் அதைப் படித்தார். நாலாக மடித்து, குண்டூசி டப்பாவுக்கு அடியில் செருகினார்.

"இது வேணாங்க. பஞ்சநாதன், நீங்க கடை லெட்டர் பேடுல ரெண்டு வரி குடுத்துடுங்க."

பஞ்சநாதன் பையிலிருந்து லெட்டர் பேடை எடுத்தார். கையோடு கொண்டுவந்திருக்கிறார் என்பது புஷ்பத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் எழுதுவதை அவள் தலைகீழாகவே படித்தாள். எங்கள் ஊழியர் எங்களுக்குத் தெரியாமல் செய்த தவறு. அவர் இன்று முதல் வேலையிலிருந்து நீக்கப்பட்டுள்ளார்.

"அண்ணே, ஆறு வருசம்" என்றாள்.

"நீ வெளிய இரும்மா. நாங்க பேசிட்டு வந்துடறோம்."

அவள் படியிறங்கி வந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. சிமெண்டுக்காகக் கிளிங்கர் கட்டிகளை அரைக்கும் சத்தம் காலடித் தரையில் அதிர்ந்தது. ஆண்ட்ரூஸிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். பள்ளிக்கூடம் திறந்து, முதல் சம்பளம் கைக்கு வர ஜூலை ஆகிவிடும். வெளிவாசலில் காவலாளி கையை நீட்டினார். உள்ளே வரும்போது தந்த சீட்டை அவள் கொடுத்தாள். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"யாரப் பாக்க வந்தீங்களோ அவரு கையெழுத்து வேணும்மா. இல்லன்னா வெளிய வுட முடியாது."

"யாரு பேரு போட்டிருக்கு?"

"இந்தா, செல்லதுரை சாருன்னு எழுதியிருக்கு பாருங்க. போயி ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க."

அவள் ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் சாப்பாட்டுச் சங்கு ஊதிவிட்டது.

"இனிமே ரெண்டு மணிக்குத்தான் எடத்துக்கு வருவாரு. அப்படி ஒக்காருங்க."

ஆஸ்பெஸ்டாஸ் நிழலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கல் ஏற்றிய லாரிகள் உள்ளே போயின. மூட்டை ஏற்றியவை வெளியே வந்தன. ஒவ்வொன்றுக்கும் வாசலின் தடுப்புக் கம்பம் ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பஞ்சநாதனின் பைக் வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். அதில் பச்சை மையில் கையெழுத்து இருந்தது. பெஞ்சின் பக்கம் அவர் திரும்பவில்லை. கம்பம் ஏறியது. பைக் ஜெயங்கொண்டம் ரோட்டில் லாரிப் புழுதிக்குள் போய் மறைந்தது.

புஷ்பம் சீட்டை இறுகப் பிடித்திருந்தாள். கையெழுத்துக்கான கோட்டின் மேல் கட்டைவிரல் வியர்வை பட்டுத் தாள் ஊறியிருந்தது.

"சீட்ட நனைச்சிறாதீங்கம்மா" என்றார் காவலாளி. "நனைஞ்சா அவரு கையெழுத்துப் போட்டாலும் செல்லாது."