தேவதானத்துக்குப் போன ஒன்பது தாழ்ப்பாள்கள்

மாரிக்கனி தன் வீட்டு அறைக்கதவிலிருந்து கழற்றிய முதல் தாழ்ப்பாள், மறுநாள் காலை பத்தரை மணிக்கெல்லாம் தேவதானத்தில், ஐயாதுரையின் மாம்பழ அறைக் கதவின் வெளிப்புறத்தில், நான்கு திருகாணிகளும் இறுகப் பொருந்தியிருந்தது. ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில் அது தனியே கிடந்ததைக் கண்டக்டர் பார்த்திருக்கிறார். ஆளுக்கு டிக்கெட் உண்டு, மூட்டைக்கு லக்கேஜ் உண்டு; தானாக ஏறிவரும் இரும்புக்கு அட்டவணையில் எதுவும் இல்லை என்பதால் அவர் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

மாரிக்கனிக்கும், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த வேல்பாண்டிக்கும் மணமாகிப் பத்தொன்பது ஆண்டுகள், பிள்ளை இல்லை. தொட்டில் குழந்தைக்காகக் காத்திருப்போர் வரிசை நீண்டுகிடக்க, யாரும் கேட்காத பதினொரு வயதுப் பெண்ணைத் தத்துக் கேட்டார்கள். பெயர் யுவராணி. தாய் தகப்பனை விபத்தில் இழந்தபின், தகப்பனின் மாந்தோப்பு அவள் பெயருக்கு வந்தது. அவளோ பெரியப்பன் ஐயாதுரையின் கைக்குப் போனாள். காய்களைப் பழுக்கவைக்க வைக்கோல் பரப்பிய அறையில் அவளைத் தள்ளி, வெளியே தாழிட்டு, மூன்று ஆண்டுகள் வைத்திருந்தான். விலை பேச வந்த வெளியூர் வியாபாரி கதவைத் திறந்திராவிட்டால், நான்காவது ஆண்டும் கழிந்திருக்கும். அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் குழந்தைகள் இல்லத்துக்கு வந்தாள். பழைய தாழ்ப்பாளை அதிகாரிகள் சாட்சிப்பொருளாகக் கழற்றிச் சென்றார்கள். கதவு மொட்டையாக நின்றது.

வீட்டைப் பார்வையிட வந்த சமூகப் பணியாளர் ஹம்ஸா, மெத்தையைப் பார்க்கவில்லை, புது பீரோவைப் பார்க்கவில்லை. கதவுகளைத்தான் பார்த்தாள். "அக்கா, வெளியே தாழ்ப்பாள் இருக்கற ரூம்ல அவ உட்காரவே மாட்டா. வாசப்படியிலேயே நிப்பா. எத்தனை மணி நேரமானாலும் நிப்பா." அவள் பஸ் ஏறுமுன்பே மாரிக்கனி ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டாள். நாளுக்கு ஒன்று என்று வெளித் தாழ்ப்பாள்கள் ஒன்பதையும் கழற்றினாள், குளியலறையைக்கூட விடவில்லை.

"ஏட்டி, கதவையும் கழட்டிரு. நான் வாசல்ல சென்ட்ரி நிக்கேன்" என்றார் வேல்பாண்டி.

"நில்லுங்க. அந்தப் பெரியப்பன் வந்தாம்னா சுட்டுருங்க" என்றாள் அவள். சிரிக்கவில்லை. ஒவ்வொரு திருகாணியைக் கழற்றும்போதும் அவன் பெயரைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தாள் என்பதை வேல்பாண்டி அறிவார். ஏனெனில் ஜாமீனில் வெளிவந்திருந்த ஐயாதுரை, பிள்ளையைத் தத்துக் கொடுக்கக் கூடாது, தனக்கே வேண்டும் என்று அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்திருந்தான். பிள்ளை போனால் தோப்பு போகும். மே இருபதாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள் அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் நேரில் வந்து நின்றால், யுவராணி திரும்பவும் வைக்கோலுக்குப் போகக்கூடும். மாரிக்கனிக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

ஐயாதுரை, கதவில் முளைத்த தாழ்ப்பாளைப் பிடுங்கி எறிந்தான். மறுநாள் அதுவும் இன்னொன்றும் இருந்தன. பதினெட்டாம் தேதி ஒன்பதும் வரிசையாக நின்றன. பத்தொன்பதாம் தேதி காலை, வைக்கோலைப் புரட்ட அவன் உள்ளே போனான். பின்னால் கதவு சாத்திக்கொண்டது, வெளியே ஒன்பது தாழும் ஒரே சத்தத்தில் விழுந்தன.

அவன் தட்டினான். இங்கே அந்தத் தெருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதினேழு வீடுகள், கோயில் கொடைக்கு வரி தவறாத வீடுகள், பட்டாளத்துக்கும் போலீசுக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள்! ஒரு சிறுமியின் கை கதவில் மோதிய ஓசை மூன்றாண்டுகள் அவர்கள் சோற்றுத்தட்டு வரை வந்தது. எழுந்து போனவர் உண்டா? ஒருவரும் இல்லை. "பேய் பிடிச்ச பிள்ளை, தட்டினா திறந்துராதிய, உங்க வீட்டுக்கு வந்துரும்" என்று ஐயாதுரை சொல்லிவைத்திருந்தான். நம்புவது வசதியாக இருந்தது, நம்பினார்கள். இப்போதும் தட்டும் ஓசை கேட்டது. பிள்ளை போய்விட்டாள், பேய் மட்டும் அறையிலேயே தங்கிவிட்டது என்று முடிவுசெய்து, கதவில் வேப்பிலை செருகிவிட்டு நகர்ந்தார்கள். அவன் செல்போனில் மனைவி முத்துப்பேச்சியைக் கூப்பிட்டான். "ஆத்தி, போனுக்குள்ளயும் புகுந்துட்டு! அவிய குரல்லயே பேசுது" என்று அவள் வைத்துவிட்டாள்.

இருபதாம் தேதி பன்னிரண்டு மணி அடித்து ஓய்ந்தது. ஆட்சேபம் இல்லை என்று கோப்பில் எழுதப்பட்டது. அன்று பிற்பகல் மாரிக்கனி, தன் இரும்பு எங்கே போயிற்று என்று கண்டக்டரிடம் விசாரித்து, தேவதானம் போய், மாம்பழ அறை ஜன்னல் முன் நின்றாள்.

"தாயி, உன் தாழ்ப்பாளை எடுத்துட்டுப் போயிரு."

"அந்தப் பிள்ளை எம்புட்டு நாள் தட்டுச்சு?"

"நான் எண்ணலையே, தாயி."

"அப்ப நானும் எண்ணலை."

அவள் கதவருகே வந்தாள். ஒன்பதாவது தாழ்ப்பாள் நூலளவு தளர்ந்திருந்தது. கட்டைவிரலால் அதை அழுத்திச் சரிசெய்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள். அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

நான்காம் நாள் அதே வெளியூர் வியாபாரிதான் அவனைத் திறந்துவிட்டான். அதன்பின் ஐயாதுரை எந்தக் கூரைக்கடியில் நுழைந்தாலும் ஒன்பதும் அந்தக் கதவுக்கு வந்துவிடுகின்றன. யாராவது நினைத்துக்கொண்டால் திறக்கிறார்கள். ரேஷன் அரிசி ஜன்னல் வழியே போகிறது. கணக்கெடுப்புக்கு வந்தவர் ஜன்னலிலேயே கையெழுத்து வாங்கினார்.

யுவராணி ஜூலையில் ராஜபாளையத்துக்கு வந்தாள். நான்கு மாதம் எந்தக் கதவையும் மூடவில்லை, மாம்பழத்தை அண்டவில்லை. ஐந்தாம் மாதம், "எனக்கு ஒரு தாழ்ப்பாள் வேணும். உள்பக்கம்" என்றாள். வேல்பாண்டி கடைக்கு ஓடினார். அவள் கைக்கு எட்டும் உயரத்தில் மாரிக்கனி அதைப் பொருத்தினாள். உள்ளே தாழ் விழும் ஓசை, பிறகு திறக்கும் ஓசை, மறுபடி விழும் ஓசை. அன்று முழுதும் நாற்பது தடவைக்கு மேல். அந்தத் தாழ்ப்பாள் எங்கும் போகவில்லை. தேவதானத்து ஒன்பதும் திரும்பி வரவில்லை. மாரிக்கனி அவை துருப்பிடிக்காமலிருக்க, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்டக்டரிடம் தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்புகிறாள்.