இரு தரப்புக்கும் உறவினர்

லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோதுதான் ரெங்கராஜுக்குச் சட்டசபையிலிருந்து போன் வந்தது. தோஹா தொழில்பேட்டையில் மெக்கானிக்காக இருப்பவனைச் சட்டசபை தேடுகிறதென்றால் யார்தான் நம்புவார்கள்? ஓ.டி.பி. கேட்கிற திருட்டுக் கூட்டம் என்றே நினைத்தான். 'வேற ஆளைப் பாருங்க' என்று வைக்கப் போனவனிடம், எதிர்முனையில் இருந்த பெண் அதிகாரி அவன் அண்ணன் பெயரைச் சொன்னார். அப்புறம் தங்கை பெயரையும் சொன்னார்.

விஷயம் இதுதான். தூக்குத்தண்டனையை ஒழிக்க ஊரில் ஒரு மசோதா கொண்டுவருகிறார்கள். அதற்கு முன்னால், கொலையுண்டவர்களின் குடும்பத்தாரையும் தண்டனை பெற்றவர்களின் குடும்பத்தாரையும் அழைத்து ஒரு குழு கருத்துக் கேட்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை கூட்டம், வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோவில் பேசலாம்.

"முதல்ல பாதிக்கப்பட்டவங்க தரப்பு பேசுவாங்க சார், அப்புறம் கைதி தரப்பு. உங்க பேரை ரெண்டு தரப்புலயும் குடுத்திருக்காங்க. அது எப்படி சார்?"

அவர் மேல் தப்பில்லை. எப்படி என்று ரெங்கராஜுக்கே இத்தனை வருஷமாகப் புரியவில்லை.

தங்கை நீலா இஸ்ரவேலைக் கட்டிக்கொண்டாள். சாதியும் வேறு, வேதமும் வேறு. முதல் வருஷம் முடிவதற்குள், பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த இஸ்ரவேலை அண்ணன் வெட்டிச் சாய்த்தான். அரிவாளோடு தானே நடந்துபோய் ஸ்டேஷனில் நின்றான். கோர்ட்டில் தூக்கு என்று தீர்ப்பானது. நீலா சின்னவளாக இருந்தபோது, காய்ச்சல் கண்டால் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவனும் இதே அண்ணன்தான். இந்த இரண்டு பேரையும் ஒரே மனுஷனாக நினைக்க ரெங்கராஜுக்கு இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் நீலாவுக்கும் போன் செய்வான், அண்ணன் மனைவியான மதினிக்கும் செய்வான். நீலாவிடம் அண்ணன் பேச்சை எடுக்கமாட்டான். மதினியிடம் இஸ்ரவேல் பேச்சை எடுக்கமாட்டான். வாயைத் திறக்காவிட்டால் பொல்லாப்பு இல்லை என்று காலத்தை ஓட்டிவிட்டான். இப்போது வாயைத் திறக்கச் சொல்லிச் சட்டசபையே கூப்பிடுகிறது.

மதினி நாகவள்ளிக்குத்தான் முதலில் போன் செய்தான். அவள் அழவில்லை. "அவுக செஞ்சது நியாயம்னு நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனா தம்பி? இவுகளையும் தொங்கவிட்டா, போனவரு எந்திச்சு வந்துருவாரா? எம்புள்ளைக்கும் அப்பன் இல்லாமப் போகும், அவ்வளவுதான். எங்களுக்காகப் பேசுதீகளா?" என்றாள். பேசுகிறேன் என்றான்.

அடுத்து நீலாவுக்குப் போன் செய்தான். "அவனைக் கொல்லணும்னு எனக்கு ஆசையில்லண்ணே. ஆனா இனிமே யாரையும் தூக்குல போடமாட்டோம்னு எல்லாரும் கூடிக் கையத் தூக்கும்போது, எங்க வீட்டுக்காரரக் கொன்னது ஏதோ சின்னத் தப்பு மாதிரி ஆயிருமோன்னு பயமா இருக்கு. நீ எனக்காகப் பேசுதியா?" என்றாள். அவளிடமும் பேசுகிறேன் என்றான். நல்ல வாய்தான், கேட்டவர்களுக்கெல்லாம் வாக்குக் கொடுக்கிறது.

ரூமில் அன்று சமையல் முறை அஸ்கர் அலியுடையது. காயல்பட்டினத்துக்காரர், எதற்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பவர். மீன்குழம்பைக் கிளறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"இந்த அரபு ஊருல மவுத்தானவன் வீட்டு ஆளு மன்னிச்சா கொன்னவன் தலை தப்பும். சட்டசபை எப்படி தம்பி மன்னிக்கும்? அவங்க வீட்டுலயா மையித்து விழுந்துச்சு? செத்தவரு வீட்டு ஆளு நீ. நீ சொல்லு, மன்னிக்கியா இல்லியா?"

"கொன்னவன் வீட்டு ஆளும் நாந்தான் பாய். யாரு யாரை மன்னிக்க?"

அஸ்கர் அலி அடுப்பை அணைத்தார். "அல்லா," என்றதோடு சரி.

வெள்ளிக்கிழமை காலை குளிக்கும்போது, யார் உயிரையும் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்தான். சொல்வதற்குச் சுலபமாகவும் இருந்தது. தலை துவட்டும்போது இஸ்ரவேல் ஞாபகம் வந்துவிட்டது. இஸ்ரவேலை அவன் பார்த்ததெல்லாம் போனில்தான். 'மச்சான், லீவுக்கு வாங்க, வள்ளத்துல கடலுக்குப் போவோம்' என்று சிரித்த முகம். அந்த லீவு வருவதற்குள் ஆள் இல்லை. ரெங்கராஜுக்கு அண்ணன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடுத்த நிமிஷம் அதே அண்ணன் கழுத்தில் கயிற்றை நினைத்துப் பார்த்து, துண்டைக் கடித்துக்கொண்டு அழுதான்.

இஸ்திரி போட்ட சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்து, போனைத் தலையணை மேல் சாய்த்து வைத்தான். அங்கே ஒரு பெரிய ஹால். நடுவில் வழி விட்டு இரண்டு பக்கமும் நாற்காலிகள். இடது பக்கம் முதல் வரிசையில் நீலா, வலது பக்கம் மடியில் பிள்ளையோடு மதினி. இரண்டு பேரும் மேடைத் திரையில் தெரிகிற அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெங்கராஜ் சார், எந்தத் தரப்புல பேசறீங்கன்னு மட்டும் சொல்லிருங்க. பதிவு பண்ணணும்," என்றார் அதே பெண் அதிகாரி.

அவன் வாயைத் திறந்தபோதுதான் ஹால் கதவுக்குப் பக்கத்தில் அம்மாவைப் பார்த்தான். அவள் வருவாள் என்று யாரும் சொல்லவில்லை. நல்ல சேலை கட்டி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். நீலா திரும்பிப் பார்த்தாள். மதினியும் திரும்பிப் பார்த்தாள். அம்மா நகரவில்லை.

"மேடம், எங்கம்மா நிக்காங்க. உக்காரச் சொல்லுங்க."

அதிகாரி திரும்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் சேர் காலியா இருக்கே சார்," என்றார்.

"ஆமா மேடம். அதான் நிக்காங்க."

ஓரத்திலிருந்த ஊழியர் ஒருவர் என்ன நினைத்தாரோ, ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அம்மாவை நோக்கி வந்தார். பாதி வழியில் நின்று இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நாற்காலி அவர் கையிலேயே இருந்தது.