பதினொரு ஹீலியம்

டொக்டர் ராகுலன் வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் மூன்று மாதம் இருந்தவர். அதற்கே வெள்ளவத்தையில் மண்டபம் பிடித்துப் பொன்னாடை போர்த்தினார்கள். மனிதர் வாய் திறந்தால் "எங்கட லாப்" தான். அங்கே அவர் உருப்படியாகத் தொட்டது கோப்பி மெஷினைத்தான் என்பது என் எண்ணம். அவர் கொண்டுவந்த தரவுகளோடு மாரடித்தவள், கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கி வரும் அவருடைய உதவி விரிவுரையாளர் றஷ்மி, அதாவது நான். அதே லாப்பில் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். அந்த இடம் கிடைக்காவிட்டால் இவரோடேயே கிழவியாகவேண்டியதுதான்.

வேலை இதுதான். கடுங்குளிரான ஹீலியம் துளிகளுக்குள் போமிக் அமில மூலக்கூறுகளைக் கூட்டமாக அடைத்து, இலத்திரன்களால் அடிப்பார்கள். உள்ளே என்ன இரசாயனத் தாக்கம் நடந்தது என்பதை, வெளியே வரும் துண்டுகளின் நிறையை வைத்துக் கண்டுபிடிக்கவேண்டும். வரைபில் நாற்பத்துநான்கில் ஓர் உச்சம் நின்றது. காபனீரொட்சைட்டின் நிறை அது. "புதுத் தாக்கம்!" என்று குதித்தார் ராகுலன்.

ஹீலியத்தின் நிறை நான்கு. பதினொன்று ஒட்டிக்கொண்டாலும் நாற்பத்துநான்கு. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பெருக்கல். அமிலமே போடாமல் எடுத்த பதிவைத் திறந்தேன். அதே உச்சம், அதே உயரம்.

"சேர், இது வெறும் ஹீலியம் போல கிடக்கு. அமிலம் இல்லாத பதிவை ஒருக்காப் பாருங்கோ."

"பிள்ளை, நான் அங்க நிண்டு செய்துபோட்டு வந்தனான். நீர் எனக்குப் படிப்பிக்க வேண்டாம்."

"சரி சேர்" என்றேன். இதைக் கட்டுரையாக்கி அனுப்பட்டும், அந்த லாப்காரரே காறித் துப்பட்டும். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே அந்த உச்சத்தை நல்ல சிவப்பில் வரைந்து கொடுத்தேன்.

அடுத்த வாரம் கணினியில் எனக்கு நேர்முகம். லாப் தலைவி ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"ராகுலன் கட்டுரையை அனுப்பியிருக்கிறார். பகுப்பாய்வு முழுவதும் உங்களுடையதாம். உங்கள் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறார்."

வாழ்நாளில் அந்த மனிதர் செய்த ஒரே நல்ல காரியம், அதையும் இந்தக் கட்டுரையிலா செய்யவேண்டும்!

"அமிலம் இல்லாத பதிவைப் பார்த்தீர்களா?"

இல்லை என்றால் நான் மடைச்சி. அந்தப் பெயரை மட்டும் என்னால் தாங்க முடியாது.

"பார்த்தேன்."

"தெரிந்துமா இந்தப் படத்தை வரைந்தீர்கள்?"

நான் சொன்னதை நம்பாத ராகுலனுக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்துகொண்டு வரைந்தவள் நான். வெட்கத்தில் முகம் எரிந்தது.

அவர் "நன்றி, றஷ்மி" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.