பல்லவிக்குப் பிறகு

இசபெல்லா வாயில் ஒரு மிளகை அடக்கிக்கொண்டு மேடையேறியபோது ராசிபுரத்து மாரியம்மன் பண்டிகைக் கூட்டம் மைதானம் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தது. இத்தனை தலைகளை ஒன்றாகப் பார்த்து எட்டு வருஷமாயிற்று. நாடக நோட்டீசில் அவள் பெயரை ஒரு காலத்தில் முதலில் போட்டார்கள். பிறகு கடைசியில் போட்டார்கள். பிறகு போடவேயில்லை. சேலத்தில் கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் பாடுவதோடு சரி. போன வருஷம் யார் புண்ணியமோ, ஒரு சினிமாவுக்குப் பாடக் கூப்பிட்டார்கள். படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. பாட்டு மட்டும் இசைத்தட்டில் பிழைத்துக் கிடந்தது.

‘இன்னும் கொஞ்சம் பொறு மனமே, கிழக்கு வெளுக்கும்’ என்று தொடங்கும் பாட்டு. பல்லவி எல்லோரும் பாடக்கூடியதுதான். அவள் உயிரை வைத்துப் பாடியது இரண்டாவது சரணத்தை.

ராசிபுரத்தில் அந்தப் பாட்டுத் தெரியாத குழந்தையே இல்லை என்று பண்டிகைக் கமிட்டி அர்த்தநாரி வந்து சொன்னபோது அவள் நம்பவில்லை. வரும் வழியில் பஸ் கண்டக்டரே அதை முணுமுணுத்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார். அப்புறம் நம்பாமல் என்ன செய்வாள்? இன்றைக்கு நன்றாக அமைந்துவிட்டால் நாலு ஊரில் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் இனி தையல் மெஷின்தான் என்று ஆர்மோனியம் வாசிக்கும் புருஷன் சவரியாரிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் பல்லவியை எடுத்தாள். கூட்டம் சலசலத்தது. முன்வரிசை எழுந்தது, பிறகு எல்லோருமே எழுந்தார்கள். மரியாதைக்கு எழுகிறார்கள் என்று நினைத்து அவளுக்கு நெஞ்சு விம்மியது. அவர்களோ முதுகைக் காட்டிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மேற்கே ஓடினார்கள்.

அர்த்தநாரி வேர்த்து விறுவிறுத்து மேடையோரம் வந்தார். “தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. டூரிங் டாக்கீஸ்ல டிக்கெட் குடுக்க ஆரம்பிச்சா இந்தப் பாட்டுத் தட்டத்தாங்க போடுவாங்க. காதுல உழுந்தா ஊருக்கே காலு நிக்காதுங்க.”

அவர் பொய் சொல்லி அழைத்து வரவில்லை. கோபித்துக்கொள்ளக்கூட ஆளில்லாமல் போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஓடி வந்த கூட்டத்தைப் பார்த்துக் கொட்டகைக்காரர் முன்கூட்டியே கவுண்டரைத் திறந்துவிட்டார் போலிருக்கிறது. மேற்கிலிருந்து அவள் குரலே கேட்டது. சவரியார் கையை நிறுத்திவிட்டார். இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பல்லவி முடிந்ததும் தட்டிலிருந்து முள்ளை எடுத்துவிட்டார்கள். ஜனம் வந்து சேர்ந்த பிறகு பாட்டு எதற்கு?

மைதானத்தில் ஒரே ஒருத்தி மிச்சமிருந்தாள். மடியில் குழந்தை தூங்கியதால் எழ முடியாதவள்.

“ஏனுங்கக்கா, இதுக்கு மேலயும் பாட்டு இருக்குதுங்களா?”

“இருக்குது சாமி. ரெண்டு சரணம் இருக்குது.”

சவரியார் துருத்தியை இழுத்தார். இசபெல்லா கண்ணை மூடாமல் பாடினாள். இரண்டாவது சரணத்துக்கு அவள் மூச்சு வாங்கியபோது, கீழே இருந்தவள் மேடையைப் பார்த்தபடியே, குழந்தை விழித்துவிடாமல் மெல்ல மடியிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.