பல் டாக்டரின் நாலு சக்கர நோயாளி

பல் டாக்டருக்குக் கை சும்மா இருக்காது. கிளினிக்கில் அது நல்ல குணம், வீட்டில் தொல்லை.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் மனைவியால் மேட்டுத் தோட்டத்துக்கு ஏற முடியவில்லை. அவள் கையால் நட்ட நாற்பது எலுமிச்சை மரங்கள் அங்கே நின்றன. "பாக்க முடியாத மரத்த வச்சுக்கிட்டு என்ன பண்றது? வித்துடலாம்ங்க" என்று அவள் சொன்ன அன்று டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரமே, கல்லும் மேடும் ஏறக்கூடிய பழைய ஏ.டி.வி. ஒன்றை வாங்கி வந்துவிட்டார். பைக்குக்கு இருப்பது போல ஹேண்டில், நாலு குண்டு டயர்.

வந்த அன்று வண்டி நன்றாகத்தான் ஓடியது. மனைவியை ஏற்றுவதற்கு முன் டாக்டர் அதைக் குளிப்பாட்டினார். அதோடு சரி.

ஸ்டார்ட் செய்தால் இருமும், கரும்புகை கக்கும், நின்றுவிடும். மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னாள் மனைவி.

"முப்பது வருஷமா இத்தனூண்டு வாய்க்குள்ள வேலை பாக்கறேன். இது என்ன பிரமாதம்?"

பிளக்கைக் கழற்றினார். கரி பிடித்து நனைந்திருந்தது. புதிது போட்டார். பெட்ரோலை மாற்றினார். கார்புரேட்டரை மூன்று முறை பிரித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். அப்புறம் பெட்ரோல் பங்க்காரனைத் திட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் மனசே அவரைக் குத்திக் காட்டியது.

மூன்று வாரம் போய்விட்டது. தோட்டத்தை வாங்க ஆளும் வந்தாயிற்று; திங்கட்கிழமை பத்திரத்தில் கையெழுத்து. சனிக்கிழமை மனைவி ஷெட்டில் நாற்காலி போட்டு, காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்தாள்.

"மூச்சு முட்டுற மாதிரியில்ல இருமுது? கழுவின அன்னிக்கு என்ன பண்ணீங்க?"

"முறையாத்தான் கழுவினேன். காத்துக் குழாய்க்குள்ள தண்ணி போயிடக் கூடாதுன்னு துண்டச் சுருட்டி அடச்சு..."

சட்டென்று வண்டிப் பக்கம் திரும்பினார்.

சீட்டைத் தூக்கினார். காற்றுக் குழாய்க்குள் இரண்டு விரலை விட்டு இழுத்தார். நீலக் கட்டம் போட்ட துண்டு வந்தது. காணவில்லை என்று மூன்று வாரமாகக் கிளினிக் உதவியாளரை வறுத்தெடுத்த அதே துண்டு. நோயாளி வாயில் வைத்த பஞ்சை எண்ணி எடுத்தாயா என்று அந்த அம்மாளைத் தினமும் மிரட்டுகிறவர் அவர். திங்களன்று எந்த முகத்தோடு போய் நிற்பது?

மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வண்டி ஒரே அழுத்தில் பிடித்துக்கொண்டது. மேட்டில் அவள் இறங்கி, மரம் மரமாகத் தொட்டுப் பார்த்தாள். டாக்டர் அந்தத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், கண்ணையும் சேர்த்து.

அவள் தோட்டம் கேட்டவருக்குப் போன் போட்டாள்.

"மன்னிச்சுக்குங்க, தோட்டத்த விக்கல... இல்லங்க, என் கால் அப்படியேதான் இருக்கு. டாக்டருக்குத்தான் கொஞ்சம் குணமாயிருக்கு."